ஓடுகள் இல்லாத நான்கு விரற்கடைச் சேறு

சரவணா,

வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் இதைப் படித்துவிடு. படித்து முடித்ததும் என்னோடு பேசத் தோன்றினால் பேசு. தோன்றாவிட்டால் பேசாமலே போய் வா, நான் தவறாக நினைக்க மாட்டேன். உறையில் போட்டு ஒட்டி உன் கையில் மட்டும் கொடுக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் இதில் இருப்பது நம் வீட்டுக்குள் முடிகிற விஷயம் இல்லை. நம் தோட்டத்தில் இருந்தவர்கள் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் ஒரு படியைத் தமிழ்ப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். போடுவார்களோ மாட்டார்களோ. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள். நாலு நாளாகக் காலையில் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை என்னைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போனாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். முட்டி வலிக்கிறது, வரவில்லை என்றேன். "நீங்க வந்து நின்னா போதும்மா. குளத்துல எந்தப் பக்கம் ஆழம்னு காட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று விடாமல் சொன்னாய். முட்டி வலி பொய் இல்லை. ஆனால் நான் வர மறுத்தது அதற்காக இல்லை. தோட்டம் கைமாறிய பிறகு நான் அந்தக் குளத்தைப் பார்த்ததே கிடையாது. நம் லயங்கள், அந்த வரிசை வீடுகள், இருந்த இடத்தில் எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. கோயில் இருந்த மேட்டில் ஒரு மின்கம்பம். சுண்ணாம்புக் குன்றின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள், வெள்ளையாகத் தெரிகிறது. குளம் மட்டும் குன்றின் காலடியில் அப்படியே கிடந்தது. அக்கரையில் புதுத் தாமான் குடியிருப்பு, வரிசையாகச் சிவப்புக் கூரைகள். நீ சின்ன ரப்பர் படகை ஊதி நடுக்குளத்துக்குப் போய், நீளக் குழாயைச் சேற்றில் இறக்கி, மண் கலையாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாய். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வாரா வாரம் வருவோம், இங்கே திலாப்பியா மீன் நிறையக் கிடைக்கும் மக்சிக், அதாவது அத்தை, என்று அவர் மொழியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய சின்ன மகள் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கெண்டைக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வயது இருக்கும். நான் அவளையே பார்த்தேன். பிறகு எழுந்து போய் உன் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். வெயில் தாங்கவில்லையா என்று நீ கேட்டாய். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நம் சாப்பாட்டு மேசையில் உன் மைக்ரோஸ்கோப்பும் தட்டுகளும் பரவிக் கிடந்தன. குழாய்ச் சேற்றை விரற்கடை விரற்கடையாக வெட்டி, சல்லடையில் கழுவி, எஞ்சியதைக் காய வைத்துப் பார்த்தாய். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். நான் அதுவரை அதற்குள் கண்ணை வைத்ததில்லை. முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு அவை தெரிந்தன. அவரை விதை மாதிரி, ஆனால் வெறுங்கண்ணுக்கு ஒரு ரவைத் துணுக்கின் அளவுகூட இல்லை. "இதுக்குப் பேரு விதை இறால்மா. ரெண்டு ஓட்டுக்குள்ள ஒரு பூச்சி. இறால், நண்டு இதோட சொந்தம்தான்" என்றாய். ஒன்று வழவழவென்று, ஒன்று முழுக்கக் குழி விழுந்து, ஒன்று நீளமாக, ஒன்றின் ஓரத்தில் பல் பல்லாக. நீந்தும் வகை வேறு, நீந்தத் தெரியாமல் சேற்றுக்குள்ளேயே ஊர்ந்து அழுகிய இலையைத் தின்னும் வகை வேறு என்றாய். சில வகையில் ஆண் என்பதே கிடையாது, பெண்ணே பெண்ணைப் பெற்றுக்கொண்டு போகும் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். வளர்வதற்குள் எட்டு முறை ஓட்டைக் கழற்றிப் போடும், நம் குன்றிலிருந்து வருகிற சுண்ணாம்புத் தண்ணீரில் அந்த ஓடு கரையாமல் சேற்றோடு படிந்துவிடும், அதனால் கீழே போகப் போகப் பழைய காலத்துக் குளம் என்றாய். இவ்வளவு வருஷமாக உன் படிப்பைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் "ஏதோ தண்ணிப் பூச்சி" என்று சொல்லி வந்தேன். அன்றுதான் எனக்கு அது என்னவென்று புரிந்தது.

நீ தட்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினாய். அடித் தட்டுகளில் ஒன்பது வகை. அதில் ஒன்று, கண்ணே இல்லாத வெள்ளை வகை, குன்றுக்குள்ளிருக்கும் ஊற்றுத் தண்ணீரில் வாழ்வது என்றாய். அதற்கு மேலே உள்ள தட்டுகளில் ஒன்றுமே இல்லை. நான்கு விரற்கடைச் சேற்றில் ஒரே ஒரு ஓடுகூட இல்லை. அதற்கும் மேலே மறுபடி ஓடுகள், ஆனால் இரண்டே வகை. "இந்த ரெண்டும் எங்க பாத்தாலும் இருக்கும்மா, சாக்கடையிலகூட. முட்டை காஞ்சு போனாலும் சாகாது. கொக்கு கால்ல ஒட்டிக்கிட்டு வந்துரும்." மீதி ஏழு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மத்தது வேற குளத்துல இருக்கலாம். அந்த வெள்ளையை மட்டும் நான் வேற எங்கயும் பாத்ததில்ல. உயிரோட ஒண்ணு கெடச்சாத்தான் காலு கையெல்லாம் பாத்துப் பேரு வைக்கலாம். எனக்குக் கெடச்சது வெறும் ஓடுதான்." பிறகு பென்சிலை அந்த வெறும் தட்டின் மேல் வைத்துக்கொண்டு கேட்டாய். "இந்த எடத்துல திடீர்னு எல்லாம் செத்துருக்கு. கொஞ்சம் கொஞ்சமா இல்ல, ஒரேயடியா. ரப்பர் பால்மரத்தை வெட்டுனப்ப வந்த செம்மண்ணு இதுக்குக் கீழ இருக்கு. அப்படின்னா நாம அங்கேருந்து கெளம்புன சமயம். அம்மா, அப்ப கொளத்துல என்னா நடந்துச்சு?"

"தெரியாதுப்பா" என்றேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

போன வாரம் உன் கட்டுரையை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய். பெல்ஜியம் போனதும் அங்கே உள்ளவர்கள் ஒருமுறை பார்த்துத் தருவார்கள், பிறகு அச்சுக்குப் போகும் என்றாய். அதில் அந்த நான்கு விரற்கடைச் சேற்றுக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னாய். சரவணா, காரணம் தெரியும். எனக்குத் தெரியும்.

தோட்டத்தை விற்ற சமயம் உனக்கு எட்டு வயது. பால்மரங்களில் பாதியை வெட்டிச் செம்பனை வைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. நான் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தேன். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை வரிசை வரிசையாகக் களைக்கும் பூச்சிக்கும் அடிப்போம். கையுறை கிடையாது, மூக்குக்கு ஒரு துண்டு. என் பத்து விரலிலும் நகம் உதிர்ந்து உதிர்ந்து முளைத்தது அப்போதுதான். தோட்டம் கைமாற இரண்டு வாரம் இருக்கும்போது கிராணி, அதாவது ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் எங்கள் மூன்று பேரைத் தனியாக நிறுத்தினார். நான், லெட்சுமி அக்கா, பாப்பாத்தி. மருந்து ஸ்டோரில் மூன்று பழைய பீப்பாய் கிடக்கிறது, புது முதலாளியின் ஆட்கள் பார்க்க வருமுன் அதைக் குன்றுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்றார். பீப்பாயில் எழுத்தெல்லாம் உரிந்து போயிருந்தது. துரு. பூண்டு அழுகினது போல ஒரு நாற்றம். அதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாளைக்கு உன் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். ஒரு பாட்டிலை ஒருவர் கையில் கொடுக்கும்போது உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிக் கொடு. கேட்கத் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்.

குன்றுக்குப் பின்னால் மண்வெட்டியைப் போட்டால் ஒரு சாண் ஆழத்தில் பாறை தட்டியது. நாலு இடத்தில் பார்த்தோம். கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் நோண்டிக்கிட்டு இருக்கீங்களா? கொளத்துல தள்ளிட்டுப் போங்க" என்றார். "அது பிள்ளைங்க குளிக்கிற தண்ணியாச்சே" என்றாள் பாப்பாத்தி. "இன்னும் ரெண்டு வாரத்துல இங்க யாரு இருக்கப் போறா? தள்ளுங்க" என்றுவிட்டுப் போய்விட்டார். உருட்டிக்கொண்டு போய்த் தள்ளினோம். இரண்டு உடனே மூழ்கின. மூன்றாவது பாதி காலி போலிருக்கிறது, மிதந்தது. மிதந்தால் வெளியே தெரிந்துவிடும் என்று நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மண்வெட்டியால் அதைக் கொத்தினேன். மூன்றாவது கொத்தில் ஓட்டை விழுந்தது. குபுகுபுவென்று வெள்ளையாக, பால் மாதிரி வந்தது. லெட்சுமி அக்கா கரையிலிருந்து, "ஏய், ஏறி வந்துரு, போதும்" என்று கத்தினாள். அன்று ராத்திரி முழுக்க எனக்கு வாந்தி. உன் அப்பாவிடம் கருவாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

மறுநாளுக்கு மறுநாள் மீன் மிதக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே அந்த விதை இறால்கள் எல்லாம் செத்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. விஷம் வந்தால் முதலில் சாவது அவைதான் என்று நீதானே சொன்னாய். எங்களுக்கு மீன்தான் தெரிந்தது. ஆட்கள் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னாலேயே ஓடி, "கெட்டுப்போன மீனு, திங்காதீங்க, வயித்தால போகும்" என்று ஒவ்வொரு வாசலிலும் கத்தினேன். முக்கால்வாசிப் பேர் கொட்டிவிட்டார்கள். ஏன் கெட்டது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. கிராணி அதற்குள் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "யாராவது கேட்டா நீங்க மூணு பேரும் கொளத்துப் பக்கமே போகல. போலீஸ் வந்தா புடிச்சிட்டுப் போறது தள்ளுனவங்களத்தான். வீட்டு லிஸ்டும் என் கையிலதான் இருக்கு, பாத்துக்குங்க." தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்குச் சுங்கை சிப்புட்டில் மலிவு வீடு தருவதாகப் பேச்சு. எல்லாருக்கும் கிடைக்காது. நமக்குக் கிடைத்தது. இப்போது இதை எழுதுகிற மேசை அந்த வீட்டில்தான் கிடக்கிறது.

நாலாம் நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசிக் கணக்குத் தீர்க்க எங்கள் எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயக்கொட்டகையை அந்த வாரமே மூடிவிட்டார்கள். உன்னிடம் கோமதியை விட்டுவிட்டு வந்தேன். "தங்கச்சியப் பாத்துக்க, எங்கயும் போகாதீங்க" என்றேன். குளத்துப் பக்கம் போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாய், உனக்கு எதற்கெடுத்தாலும் ஏன். பக்கத்து வீட்டுக்காரி வேறு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொல்லாமல் போனேன். நான் திரும்பி வரும்போது கோமதி முழுக்க நனைந்து, பாவாடையில் பத்துப் பதினைந்து செத்த மீன் குஞ்சுகளை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நீ மீனைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். நீ கரையில் நின்றாய், அவள் தண்ணீருக்குள் உட்கார்ந்து கழுத்தளவு ஆடியிருக்கிறாள். தாகம் எடுத்து அள்ளிக் குடித்தாளா என்று கேட்டேன். குடித்தாள் என்றாய். நான் உன்னை அடித்தேன். அது உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு மணி நேரத்துக்குள் அவளுக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை, கை கால் துடிப்பு. உன் அப்பா பக்கத்து வீட்டு வேனில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே ஒரு மலாய் லேடி டாக்டர். சின்ன வயசு, நல்ல பொறுமை. கோமதியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நர்சிடம் என்னவோ வேகமாகச் சொன்னார். நர்ஸ் தமிழ்ப் பெண். "கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. ஏதாவது பூச்சி மருந்து தொட்டுச்சா அக்கா? குடிச்சிருச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்து மறுபடி கேட்டார், மெதுவான மலாயில், எனக்கே புரியும்படி. தோட்டத்துல மருந்தடிக்கிற வேலையா, மருந்து வீட்டில் இருக்கிறதா என்று. இல்லை என்றேன். ரெண்டு நாளாகவே காய்ச்சல் என்று நானாக ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னதை அவர் நம்பித் தலையாட்டினார். அறையை விட்டுப் போகும்போது டாக்டர் மூன்றாவது முறையும் திரும்பிக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். போலீசுக்குப் பயந்தேன். வீட்டுக்குப் பயந்தேன். உன் அப்பாவுக்குப் பயந்தேன். ஆனால் உண்மையில் அந்த நிமிஷத்தில் இது எதையும் நினைக்கவில்லை. பொய்யைச் சொல்லிப் பழகியிருந்தேன், அவ்வளவுதான். நாலு நாளாக எல்லோரிடமும் இல்லை இல்லை என்று சொன்ன வாய் அங்கேயும் இல்லை என்றது. காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், சரியாகிவிடும், சரியாகாவிட்டால் காலையில் சொல்லிவிடலாம். காலையில் அந்த டாக்டர் இல்லை, வேறொருவர் இருந்தார். அவருக்குக் கோப்பில் எழுதியிருந்த காய்ச்சல்தான் தெரியும். நான் எழுந்து அவரிடம் போனேன். மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டார். "ஆயெர்" என்றேன், தண்ணீர் வேண்டும் என்று. குடிக்க ஒரு கிளாசில் கொடுத்தார்கள். அன்று மத்தியானம் கோமதி போய்விட்டாள். மூளைக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே சொன்னேன். நான் முதல் கேள்விக்கே ஆமாம் என்றிருந்தால் பிழைத்திருப்பாளா? அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் காப்பாற்றலாம் என்று பிற்பாடு நான் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலையில் இருந்தபோது ஒரு நர்சிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாரும் பிழைப்பதில்லை என்றும் அவள் சொன்னாள். எனக்குப் பதில் தெரியாது. தெரியாமலேதான் சாவேன்.

அப்பா இதைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். குடித்துக் குடித்துத்தான் போனார் என்று உனக்குத் தெரியும். எத்தனையோ முறை சொல்ல நினைத்து, இன்றைக்கு வேண்டாம், மனுஷன் தெளிவாக இல்லை என்று தள்ளினேன். தெளிவாக இருந்த நாட்களில், பாவம் இன்றைக்கு நன்றாக இருக்கிறாரே என்று தள்ளினேன். நீ நாளைக்குக் கல்யாணம் செய்வாய். உன் மனைவியிடம் சொல்லப் பயப்படுகிற விஷயம் ஒன்று வந்தால் அன்றே சொல்லிவிடு. அடுத்த நாள் அது வேறு விஷயமாகிவிடும். நடந்தது ஒன்று, அதை மறைத்தது ஒன்று என்று இரண்டு சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு இப்போது எத்தனை என்று எண்ணவே முடியவில்லை.

பாப்பாத்தி சிம்பாங் பூலாயில் மகள் வீட்டில் இருந்தாள், ஈரல் கெட்டு இறந்துவிட்டாள். லெட்சுமி அக்கா இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போனேன். இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் எத்தனை கல்யாணம், கருமாதியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒரு வார்த்தை இதைப் பற்றிப் பேசியதில்லை. குளத்தில் இப்போது பிள்ளைகள் இறங்குகிறார்கள் அக்கா என்றேன். அவள் வெற்றிலையைத் துப்பினாள். "பீப்பா இன்னும் கெடக்குமா?" என்றாள். "ரெண்டை நாம ஒடைக்கலையே அக்கா. துருப்புடிச்சு ஒழுகுனதோ, இன்னும் உள்ளயே இருக்கோ, யாருக்குத் தெரியும்?" "உன் மவன்கிட்ட சொல்லிட்டியா?" "எழுதிக்கிட்டு இருக்கேன்." "எழுது. என் பேரையும் போடு. எனக்கு இனிமே என்னா வீடு, என்னா போலீசு." பிறகு சொன்னாள், "ஒன் பொண்ணு செத்தப்ப நான் கேட்டிருக்கணும்டி. கேட்டா நீ சொல்லிருவேன்னு பயந்துக்கிட்டுக் கேக்கல." இருவரும் அழவில்லை. அவள் காப்பி போட்டாள், குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் அரசாங்க ஆபீசுக்குப் போனோம். மூன்று கவுண்டர் மாற்றி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு மலாய்த் தம்பி உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டார். பீப்பாய் எத்தனை, எந்த இடம், என்ன நாற்றம் என்று எல்லாவற்றையும் டைப் அடித்தார். குன்றின் வடக்குப் பக்கம், ஊற்று வந்து விழுகிற மூலையிலிருந்து இருபது அடி உள்ளே என்று சொன்னேன். நீ குழாய் இறக்கிய நடுக்குளத்துக்கு வடக்கே. யாராவது செத்தார்களா என்று கேட்டார். என் மகள் என்றேன். டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, ஏன் மக்சிக் இவ்வளவு நாள் கழித்து என்று கேட்டார். லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தாள். பேனாவைக் கொடுங்கள் தம்பி என்றேன். அவர் மீதியை டைப் அடித்து முடித்தார். தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் குளத்துக்குப் போய்த் தாமான் பக்கத்து வீடுகளில் கதவைத் தட்டிச் சொன்னோம். சிலர் நம்பினார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். அந்தத் தூண்டில்காரர் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை மறுபடி போய்க் கரையில் உட்காரப் போகிறேன், அவர் வருவார்.

உன் கட்டுரையில் காரணத்தை எழுது. என் பேரைப் போட வேண்டுமென்றால் போடு. அம்மா என்று பார்க்காதே. அந்த வெள்ளை வகைக்குப் பேர் வைக்க முடியாமல் போனதற்கும் நான்தான் காரணம். குன்றுக்குள் எங்காவது ஒரு பொந்தில் ஒன்றிரண்டு மிச்சம் இருக்குமா என்று உன்னிடம் கேட்க வேண்டும் போல இருக்கிறது. கேட்க எனக்கு அருகதை இல்லை. குன்றையும் வெட்டுகிறார்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நாலு நாளாக இதை எழுதத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். கோமதியைப் புதைத்துவிட்டு வந்த அன்று உன் அப்பா குடித்திருந்தார். உன்னைக் கூப்பிட்டு, "நீதான்டா அவள மழையில கூட்டிக்கிட்டுப் போன, அதான் காய்ச்ச வந்து போய்ட்டா" என்றார். நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். நான் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. வாயைத் திறந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் அதை முடித்திருப்பேன். திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ மழையில் வெளியே போக மாட்டாய், கூடப் படித்தவர்கள் விளையாடக் கூப்பிட்டாலும் போக மாட்டாய். பதினோராவது வயசு வரை தூக்கத்தில் அவள் பேரைச் சொல்லி எழுந்திருப்பாய். பெரியவனானதும் தண்ணீரைப் பற்றித்தான் படிப்பேன் என்றாய். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள், நான் ஆச்சரியப்படவில்லை. உன் தலையில் அந்தப் பாரத்தை அப்பா ஒருநாள் குடியில் ஏற்றினார். நான் இருபத்தைந்து வருஷம் தெளிவாக இருந்துகொண்டே இறக்கி வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாம் பயத்தில் செய்தது என்றாவது சொல்லலாம். இதற்கு அதுவும் இல்லை.

அவள் காய்ச்சலில் சாகவில்லை. மழையில் நனைந்து சாகவில்லை. மீன் பார்க்கணும் அண்ணே என்று கேட்டிருப்பாள், நீ கூட்டிக்கொண்டு போயிருப்பாய். எட்டு வயது அண்ணன் வேறு என்ன செய்வான்? போகாதே என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் விஷத்தைக் கலந்தது உன் அம்மா. உன்மேல் ஒன்றுமே இல்லை, சரவணா. அன்றைக்கும் இல்லை.

அம்மா